பனையேறி கெண்டை புழுவை உருவிட்டுப் போகுது, தூண்டில் முள்ளுல மாட்டல. எங்கே தப்பு?

கேள்வி:
மன்னார்குடிப் பக்கம் ஊர்க்குளம். ஆத்துத் தண்ணி வந்து நிரம்பிக் கிடக்கு, கரையோரம் ஆகாயத்தாமரை. பனையேறி மேல வந்து காத்துக் குடிச்சிட்டு இறங்குறது கண்ணுக்கே தெரியுது. 12 அடி மூங்கில் கம்பு, 0.35 மி.மீ. தூண்டில் நரம்பு, 6-ம் நம்பர் முள், பிளாஸ்டிக் உருண்டைத் தக்கை, முழு மண்புழு, ஆழம் 4 அடி. தக்கை ஆடுது, தூக்கினா வெறும் முள். காலை 8 மணியிலேர்ந்து 11 வரைக்கும் ரெண்டே மீன்.

பதில்:
தம்பி, முள்ளு பெருசு, புழு நீளம். முழுப்புழு தொங்கினா வாலைக் கடிச்சு இழுத்துட்டுப் போயிடும், முள்ளு வாய்க்குள்ளயே போகாது. 10 இல்லன்னா 12-ம் நம்பர் முள் வாங்குங்க. நம்பர் கூடக்கூட முள்ளு சின்னதாகும், கடையில மாத்திக் கேட்டுடாதீங்க. புழுவை ஒன்றரை செ.மீ. துண்டா கிள்ளி, முள்ளு வளைவுக்கு உறை போட்ட மாதிரி ஏத்துங்க. நுனிக்கு வெளியே ஒரு அரிசி நீளம் தொங்கினா போதும்.

அடுத்தது தக்கை. உருண்டைத் தக்கையைத் தண்ணிக்குள்ள இழுக்க மீனுக்கு பலம் வேணும்; கனம் தெரிஞ்ச உடனே இரையைத் துப்பிடும். காய்ஞ்ச நெட்டித் தண்டை 2 அங்குலம் நறுக்கி, பென்சில் கனத்துக்குச் சீவிக்குங்க. மயிலிறகுத் தண்டும் நல்லா வரும். நுனி கால் அங்குலம் மட்டும் வெளியே தெரியிற வரைக்கும் நரம்புல கட்டுற ஈயக்குண்டைக் கூட்டிக் குறைங்க. நரம்பு 0.20 போதும்.

இன்னொரு பதில்:
4 அடி வேண்டாண்ணே. ஆகாயத்தாமரை ஓரமா ஒன்றரை அடியில விடுங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடியும், சாயங்காலம் 5 மணிக்கு மேலயும்தான் நேரம். தக்கை நடுங்கிக்கிட்டே இருந்தா அது பொடிக் கெண்டை, தூக்காதீங்க. ரெண்டு வெட்டு வெட்டி, பக்கவாட்டுல நகர ஆரம்பிச்சா பனையேறி. அந்த நகர்வுலதான் சுண்டணும், தக்கை முழுகுற வரைக்கும் காத்திருந்தா முள்ளை முழுங்கிடும்.

கேட்டவர்:
மாத்திப் போட்டதுல 9 மீன், ரொம்ப நன்றி. ஆனா ஒண்ணு முள்ளை முழுங்கிடுச்சு. கழட்டப் போய் கை கிழிஞ்சுது. வாளியிலேர்ந்து ரெண்டு ஏறி ஓடிப்போச்சு.

பதில்:
செவுள் மூடி ஓரம் ரம்பப் பல்லு மாதிரி இருக்கும், பிடிச்ச உடனே விரிக்கும். அங்க விரலை வைக்காதீங்க. ஈரத்துணியால தலைப்பக்கத்துலேர்ந்து வாலுக்குத் தடவி, முதுகு முள்ளைப் படிய வச்சுப் பிடிங்க. முழுங்கின முள்ளை நோண்ட வேண்டாம். நரம்பை அறுத்துட்டு, மீனைக் கழுவும்போது எடுங்க.

செவுளுக்கு மேல காத்தைச் சுவாசிக்கத் தனி உறுப்பு இருக்கு. அதனால வாளியில நாலு விரக்கடைத் தண்ணி போதும். தளும்பத் தண்ணி ஊத்தி இறுக மூடினா மூச்சு முட்டிச் செத்துடும். மேல ஈரச் சாக்கோ வலைத்துணியோ கட்டுங்க. 1791-ல தரங்கம்பாடியில இந்த மீன் பனைமரத்துல ஏறினதைப் பார்த்ததா டால்டார்ஃப்ங்கிற டேனிஷ் அதிகாரி எழுதி வச்சிருக்கார். பனை ஏறுமாங்கிறது வேற விஷயம், செவுள் மூடியை ஊன்றித் தரையில நகர்றது நிச்சயம்.

இன்னொரு பதில்:
குளம் குத்தகையில இருந்தா எடுத்தவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்கண்ணே. வடுவூர் ஏரிப் பக்கம் கம்பைக் கொண்டு போகாதீங்க, அது பறவைகள் சரணாலயம். விரல் நீளக் குஞ்சு மாட்டினா கையை நனைச்சுக் கழட்டி, ஆகாயத்தாமரை ஓரமாவே விட்டுடுங்க.