புதுப்பிப்பு: சான் ஸ்டார்ம் காரில் முகப்பு விளக்கு மங்கிய சிக்கல் தீர்ந்தது

புதுச்சேரியில் என் வீட்டிலேயே சீரமைத்து வரும் சான் ஸ்டார்ம் காரில், இண்டிகேட்டரைப் போட்டால் முகப்பு விளக்குகள் மங்கித் துடிப்பது ஏன் என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பேட்டரியை மாற்றியும் பயனில்லை. எர்த் இணைப்பை, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியைச் சோதிக்கச் சொன்ன கடலூர் நண்பரின் யோசனையே சரியானது. இக்காரின் உடல் கண்ணாடியிழையால் ஆனது என்பதால் மின்சாரம் அதன் வழியே திரும்பாது. விளக்குகளுக்குத் தனி எர்த் கம்பி வேண்டும். விளக்கை எரியவிட்டு, அதன் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டரில் அளந்தபோது, 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய அளவு 1.8 வோல்ட்டாக இருந்தது. கடலின் உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்த முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, புதுச் செப்புக் கம்பியைச் சேசிஸில் (காரின் உலோக அடிச்சட்டத்தில்) போல்ட் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். விளக்குகள் இப்போது சீராக எரிகின்றன.

நான் எதிர்பாராதது, தாறுமாறாக ஆடிக்கொண்டிருந்த பெட்ரோல் முள்ளும் சரியானதுதான். அதன் எர்த் கம்பியும் அதே முனையில்தான் சேர்ந்திருந்தது.