டச் போனை விட்டுவிட்டுப் பட்டன் போனோடு காலம் தள்ள முடியுமா? அப்படி இருப்பவர்கள் சொல்லுங்கள்

தறிச்சத்தம் (ஈரோடு)

வணக்கம் மக்களே. ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன், வயது 43. மூன்று வாரத்துக்கு முன் வண்டியின் முன்பெட்டியிலிருந்து என் போன் ரோட்டில் விழுந்து டிஸ்பிளே போய்விட்டது. மாற்ற 4,800 ரூபாய் கேட்டார்கள். சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போட்டுவிட்டு, அப்பாவின் பழைய நோக்கியா 1100-ஐ பீரோவிலிருந்து எடுத்தேன். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. தடிமனான பின் உள்ள சார்ஜரும் கூடவே இருந்தது. போட்டுப் பத்து நிமிடத்தில் நோக்கியாவின் அந்தக் கைகோக்கும் இரண்டு கைகள் திரையில் வந்து நின்றபோது, சிரிக்காதீர்கள், கொஞ்சம் கண் கலங்கிவிட்டது.

என் ஜியோ சிம்மை ஒரு அடாப்டர் தட்டில் வைத்துப் போட்டேன். டவர் வரவே இல்லை. மனைவியிடம் சும்மா கிடந்த ஏர்டெல் சிம்மைப் போட்டதும் நாலு கட்டை வந்தது. அதோடு இருபது நாள் ஓட்டிவிட்டேன். இரவு பத்து மணிக்குத் தூக்கம் வருகிறது, இதை எப்படிச் சொல்வது, நிஜமாகவே தூக்கம் வருகிறது. கடையில் கூட்டல் பிழை குறைந்திருக்கிறது என்று முதலாளியே சொன்னார்.

ஆனால் ஒரு நாள் வங்கி ஓடிபி வரவில்லை. கவுண்டரில் நின்றுகொண்டு அரை மணி நேரம் முழித்தேன். அப்புறம் பார்த்தால் இன்பாக்ஸ் நிரம்பி ஓரத்தில் உறை சிமிட்டிக்கொண்டு இருக்கிறது. விளம்பர எஸ்எம்எஸ்ஸை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்த பிறகுதான் ஓடிபி உள்ளே வந்தது, அதற்குள் அதற்கு ஆயுள் முடிந்துவிட்டது.

டிஸ்பிளேயை மாற்றாமல் இப்படியே இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். ஜியோ சிம் ஏன் வேலை செய்யவில்லை? பணம் அனுப்ப வழி உண்டா? வருடக்கணக்கில் பட்டன் போனோடு இருப்பவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

கடை எண் 14 (திருநெல்வேலி)

அண்ணாச்சி, பதினேழு வருடமாகச் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் செட்டில் கோளாறு இல்லை. 1100 என்பது 2ஜி மட்டும் தெரிந்த செட். ஜியோ ஆரம்பித்ததே 4ஜியில்தான், இப்போது 5ஜியும் உண்டு, ஆனால் அதனிடம் 2ஜி கிடையாது. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்றால் டவர் எப்படி வரும்? ஏர்டெல்லும் வி-யும் (வோடபோன் ஐடியா) 2ஜியை இன்னும் விட்டு வைத்திருக்கிறார்கள், அதனால்தான் வந்தது. அவர்கள் அதை நிறுத்துகிற அன்றைக்கு உங்கள் அப்பா போன் டார்ச்சும் அலாரமும் பாம்பு கேமும் உள்ள பெட்டியாகிவிடும், செட் நன்றாகவே இருக்கும், பேசத்தான் ஆள் இருக்காது. ஆகவே நிரந்தரமாகப் பட்டன் போன் என்று முடிவு செய்தால் 4ஜி பட்டன் போனாக வாங்குங்கள். பெட்டியில் 4ஜி என்று போட்டிருக்கிறதே என்று நம்பிவிடாமல் கடையிலேயே உங்கள் சிம்மைப் போட்டு ஒரு ஆளிடம் பேசிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பேட்டரி விஷயம்தான் முக்கியம். 1100-க்கு பிஎல்-5சி என்கிற பேட்டரி. கம்பெனி பேட்டரியிலேயே ஒருமுறை சிக்கல் வந்து, 2007 ஆகஸ்டில் 4.6 கோடி பேட்டரிகளுக்கு மாற்றுத் தருவதாக நோக்கியா அறிவித்தது, அப்போது நான் கடையில் எடுபிடிப் பையன், கவரைக் கழற்றி நம்பர் பார்க்கச் சொல்லி ஒரு வாரம் கூட்டம் நின்றது. இப்போது அறுபது ரூபாய்க்குக் கிடைப்பதெல்லாம் எவன் செய்தான் என்றே தெரியாது. உங்கள் பழைய பேட்டரியைக் கழற்றிக் கண்ணாடி மேசைமேல் படுக்க வைத்து விரலால் சுண்டுங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் உப்பியிருக்கிறது என்று அர்த்தம். தூக்கிப் போடுங்கள், அப்பா ஞாபகம் என்று வைத்திருக்காதீர்கள், சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கவும் தூங்காதீர்கள்.

பணம் அனுப்ப *99# என்று போனில் அடிக்கிற வழி உண்டு, நெட் வேண்டாம். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி யுபிஐ 123பே என்று ஒன்றும் தொடங்கியது, நம்பருக்கு அடித்து அது சொல்கிறபடி அமுக்கிக்கொண்டே போக வேண்டும், உச்சவரம்பு இப்போது பத்தாயிரம். வேலை செய்கிறது. ஆனால் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது டீக்கடையில் இதைச் செய்து பாருங்கள், அடுத்த நாளிலிருந்து சில்லறை கொண்டு போவீர்கள்.

ரீசார்ஜுக்கு நெட் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டியதில்லை. டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) உத்தரவுக்குப் பிறகு 2025 ஜனவரியில் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டங்கள் வந்தன. ஏர்டெல்லில் அப்போது 84 நாளுக்கு 469, வருடத்துக்கு 1,849. இன்றைய விலையைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்டால் மட்டும்தான் சொல்வார்கள்.

வரப்போரம் (மன்னார்குடி பக்கம்)

தம்பி, நான் பட்டன் போனை வைராக்கியத்தில் வைத்திருக்கவில்லை. நாற்றங்காலில் நின்றுகொண்டு சேற்றுக் கையோடு டச் போனைத் தொட்டுப் பார், அது உன்னை மதிக்காது. பட்டன் மதிக்கும். என்னுடையது இரண்டு தடவை வாய்க்காலில் விழுந்திருக்கிறது. உடனே பேட்டரியைக் கழற்றி, துடைத்து, ஒருநாள் வெயில் படாத இடத்தில் காய வைத்தேன், அவ்வளவுதான்.

2-ஐ அழுத்திப் பிடித்தால் மகன். 3-ஐ அழுத்திப் பிடித்தால் மோட்டார். ஆமாம், ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் போட்டிருக்கிறோம், மும்முனைக் கரண்டு ராத்திரி ஒரு மணிக்கு வந்தால் அது எனக்குப் போன் அடிக்கும், நான் பாயில் படுத்தபடியே திரும்ப அடித்து மோட்டாரைப் போடுவேன். முன்பெல்லாம் டார்ச்சும் கம்பும் எடுத்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து பயந்து போவோம். எங்கள் வீட்டில் பட்டன் போனால் கிடைத்த பெரிய சுகம் அதுதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், சார்ஜ் நிற்கும் நிற்கும் என்று எல்லோரும் பெருமையடிப்பார்கள். 2018 கஜா புயலில் எங்கள் ஊரில் மூன்று வாரம் கரண்டு இல்லை. போனில் ஐந்து நாள் சார்ஜ் நின்றது, டவர்தான் நிற்கவில்லை. டார்ச்சுக்கு உதவியது. அதில் குறை சொல்ல மாட்டேன், அந்த இருட்டில் அதுவே பெரிது.

இரண்டு போன்காரி (கோவை, வடவள்ளி)

எல்லோரும் போனைப் பற்றிப் பேசுகிறீர்கள். வீட்டில் இன்னொருவர் இருக்கிறாரே, அவரைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் நாலு வருடமாகப் பட்டன் போன். பார்க்கிறவர்கள் எல்லாம் "சார் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்" என்பார்கள். இருக்கிறார்தான், மறுக்கவில்லை. பையனின் ஸ்கூல் குரூப் என் போனில். ராத்திரி ஒன்பதரைக்கு "நாளை சார்ட் பேப்பர் கொண்டு வரவும்" என்று வந்தால் ஓடுவது நான். சிறுவாணித் தண்ணீர் எந்த நாள் என்கிற தெரு குரூப் என் போனில். அவருடைய பெரியம்மா, சித்தப்பா அனுப்புகிற காலை வணக்கம் பூங்கொத்து எல்லாம் என் போனில், நான் பதில் போடாவிட்டால் "மருமகள் மதிக்கவில்லை" என்று பேச்சு. அவருடைய நண்பர்களின் கல்யாணப் பத்திரிகைகூட எனக்குத்தான் வருகிறது, யாரென்றே தெரியாத மாப்பிள்ளைகள். ரயில் டிக்கெட் நான். பழக்கடையிலிருந்து அடிப்பார், "நம்பர் சொல்றேன், நூத்தி எண்பது அனுப்பிடு" என்று, நான் அடுப்பை அணைத்துவிட்டு அனுப்ப வேண்டும். மிஸ்டு கால் கொடுத்து சிலிண்டர் பதிவு செய்வது மட்டும் அவர் வேலை, அதையும் ஏதோ மலையைப் புரட்டிய மாதிரி வந்து சொல்வார்.

இரண்டாவது போன் வாங்கியதே இதற்காகத்தான், முதல் போனில் இடம் நிரம்பிவிட்டது. போன வருடம் சொல்லிவிட்டேன், சனி ஞாயிறு அந்த இரண்டாவது போன் உங்கள் கையில், ஸ்கூல் சமாச்சாரமும் உங்கள் சொந்தக்காரர்களும் அன்றைக்கு உங்கள் பொறுப்பு என்று. முதல் மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், இப்போது பூங்கொத்து அனுப்பப் பழகிவிட்டார்.

அண்ணா, நீங்கள் இருபது நாள் நிம்மதியாகத் தூங்கினீர்களே, அந்த இருபது நாளும் உங்கள் வேலைக்கான ஓடிபியும் குரூப்பும் யாருடைய போனில் வந்தன என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஒரகடம் ஷிப்ட்

நான் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் இருந்தவன். அது 2006-இல் தொடங்கியது, 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. இப்போதும் யார் கையிலாவது பழைய பட்டன் செட்டைப் பார்த்தால் பேட்டரியைக் கழற்றி உள்ளே ஒட்டியிருக்கும் தாளில் மேட் இன் இந்தியா இருக்கிறதா என்று பார்ப்பேன். ஆட்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

வேறு ஒரு சங்கதி, தமிழில் எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்கள் கவனியுங்கள். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 மட்டும்தான். அதுவும் புள்ளி தனி, கொம்பு தனி என்று எண்ணும். "வணக்கம்" நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஏழு. பழைய செட் பலவற்றில் தமிழே கட்டம் கட்டமாகத்தான் தெரியும். பேச்சுதான் சுலபம்.

தறிச்சத்தம்

எல்லோருக்கும் நன்றி. அண்ணாச்சி, பேட்டரியைச் சுண்டிப் பார்த்தேன், மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. கழற்றி வைத்துவிட்டேன். சனிக்கிழமை 4ஜி பட்டன் போன் ஒன்று பார்க்கப் போகிறேன், டிஸ்பிளேயும் மாற்றுகிறேன். உடைந்த போன் வீட்டு வைஃபையில் அலமாரியிலேயே இருக்கட்டும், கடைக்குக் கொண்டு போக மாட்டேன்.

கோவை அக்கா, உங்கள் பதிலை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன், அதுதான் நான் செய்த தப்பு. பாதியிலேயே போனைக் கையிலிருந்து வாங்கி மறுபடி முதலிலிருந்து அவளே படித்தாள். இருபது நாளில் என் கடை குரூப்பில் அவள் மட்டும் 63 சரக்கு பில்லுக்கு "சரிங்க" போட்டிருக்கிறாள் என்று இப்போதுதான் தெரிகிறது. அந்த அக்கா நம்பர் கிடைக்குமா என்று கேட்கிறாள். தரவேண்டாம்.

கடை எண் 14

மூன்று சுற்றா? அண்ணாச்சி, அதை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள், பக்கத்தில் சர்வீஸ் கடை இருந்தால் அங்கே கொடுத்துவிடுங்கள். செட்டை மட்டும் பேட்டரி இல்லாமல் துணியில் சுற்றி வையுங்கள், அப்பா செட்டுக்கு ஒன்றும் ஆகாது.