ஸ்காபரோவில் வீடு பார்க்கிறீர்களா? இன்றைய ஸ்காபரோவை வைத்து முடிவெடுங்கள்

டொராண்டோவுக்குப் புதிதாக வந்து, "ஸ்காபரோவில் வீடு எடுக்கலாமா?" என்று கேட்கிற எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான்: தாராளமாக எடுங்கள், ஆனால் எந்த ஸ்காபரோ என்று முதலில் முடிவு செய்யுங்கள். 1998-இல் டொராண்டோவோடு இணைக்கும்வரை தனி நகராட்சியாக இருந்த பெரிய இடம் இது. மால்வர்னில் இருப்பதும் ஏரிப் பக்கம் கில்ட்வுட்டில் இருப்பதும் ஒன்றல்ல.

முதலில் போக்குவரத்து. 1985 முதல் கென்னடியிலிருந்து மெக்கோவன் வரை ஓடிய ஆர்.டி. என்ற நகர ரயில், 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம் புரண்டதோடு நின்றுபோனது. இப்போது சப்வேயைக் கென்னடியிலிருந்து ஷெப்பர்ட்-மெக்கோவன் சந்தி வரை 7.8 கிலோமீட்டர் நீட்டுகிறார்கள். வாடகை விளம்பரங்களில் "சப்வே வருகிறது" என்று இருக்கும். உங்களுக்கு வேண்டியது நாளைக் காலை வேலைக்குப் போகும் வழி. வீடு பார்க்கப் போகும்போது வேலை நாளில், பஸ்ஸில் போங்கள். டவுன்டவுனில் வேலை என்றால் கில்ட்வுட், ரூஜ் ஹில், அஜின்கோர்ட் கோ ரயில் (புறநகர் ரயில்) நிலையங்களின் அருகில் தேடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கோ ரயிலும் டி.டி.சி.யும் (நகரப் பொதுப் போக்குவரத்து: பஸ், சப்வே) மாறி ஏறினால் டி.டி.சி.க்குத் தனிக் கட்டணம் கிடையாது. அப்புறம், 12 வயது வரை பிள்ளைகளுக்கு டி.டி.சி. இலவசம்.

எக்ளிங்டன் அவென்யூவில் கோல்டன் மைல் பகுதி 1950-களில் தொழிற்சாலைகளால் நிறைந்திருந்தது, பிறகு கடைத்தொகுதிகள் வந்தன, இப்போது உயரமான கொண்டோக்கள் (அடுக்குமாடிக் கட்டடங்கள்) எழுகின்றன. புதுக் கட்டடம் கண்ணுக்கு அழகுதான். ஆனால் 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலில் குடியேறிய வீடுகளுக்கு ஒன்டாரியோவின் வாடகை உயர்வு உச்சவரம்பு பொருந்தாது. அடுத்த ஆண்டு எவ்வளவு கேட்பார்களோ தெரியாது. குடும்பமாக வருகிறவர்களுக்குப் பழைய அபார்ட்மென்ட்தான் நிம்மதி என்பேன். முன்பணமாகக் கடைசி மாத வாடகையைக் கேட்கலாம். சேதத்துக்கென்று தனி டெபாசிட் கேட்டால் கொடுக்காதீர்கள், அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

சரி, இவ்வளவு பார்த்து ஏன் இங்கேயே இருக்க வேண்டும்? மார்க்கம் ரோட்டுக் கடைகளில் தமிழிலேயே பேசிச் சாமான் வாங்கி வரலாம், பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் கிடைக்கும், உறுப்பினர் அட்டைக்குக் காசில்லை. கிழக்கே ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா, கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்கா. நுழைவுக் கட்டணம் இல்லை, இலையுதிர் காலத்தில் கட்டாயம் நடக்க வேண்டிய இடம். தெற்கே ஒன்டாரியோ ஏரிக்கரையில் சுமார் 15 கிலோமீட்டருக்கு நீளும் பிளஃப்ஸ் மண்பாறைகள், சில இடங்களில் 90 மீட்டர் உயரம். பிள்ளைகளோடு போனால் மேல் விளிம்புக்கோ பாறை அடிவாரத்துக்கோ நெருங்கவே வேண்டாம், மண் சரிந்துகொண்டே இருக்கிறது. கோடை வார இறுதியில் வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது கடினம், காலையிலேயே போய்விடுங்கள்.

வேலை எந்தச் சந்திக்குப் பக்கத்தில், பிள்ளைகள் எந்த வகுப்பு என்று எழுதுங்கள். எந்தப் பகுதி பொருந்தும் என்று தெரிந்தவரை சொல்கிறேன்.