நாங்கள் 180 கேட்டோம், ரவுட்டர் 30இல் நின்றது

2022இல் கொழும்பில் கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன நாட்களில் நடந்தது. எங்கள் கந்தோர் மருதானையில். இணையம் தருபவர்களின் ரவுட்டரும் எங்கள் ரவுட்டரும் பிஜிபியில், அதாவது எந்த முகவரிக்கு எந்தப் பாதை என்று ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று சொல்லும் முறையில், பேசிக்கொள்ளும். இரண்டும் யூபிஎஸ்ஸில், கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். இடையில் இரண்டையும் இணைத்த கீழ்மாடி நெட்வொர்க் சுவிட்ச் மட்டும் யூபிஎஸ்ஸில் இல்லை. கரண்ட் போய், ஜெனரேட்டர் பிடித்து, அந்தச் சுவிட்ச் எழும்ப 70 செக்கன் ஆகும். அதற்குள் தொடர்பு அறுந்துவிடும்.

மறுபக்கம் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தால் பொறுப்பது என்பதுதான் ஹோல்ட் டைம். எங்கள் ரவுட்டரில் 180 செக்கன் போட்டிருந்தேன். திரையில் 30. அழித்துத் திரும்பப் போட்டேன், அப்போதும் 30. கடைசியில் இணையம் தருபவர்களின் இன்ஜினியருக்குக் கோல் எடுத்தேன்.

"அண்ணா, 180 போட்டாலும் 30தான் காட்டுது."

"தம்பி, தொடங்கும்போது ரெண்டும் தன் தன் கணக்கைச் சொல்லும். குறைஞ்சதைத்தான் எடுக்கும். நான் 30 போட்டிருக்கிறன்."

லைன் விழுந்தால் உடனே மாற்றுப்பாதைக்குப் போக அவருக்கு அந்த 30 வேண்டும். நியாயம்தானே.

அதைவிட என்னை வாட்டியது வேறு. ஒருநாள் கரண்ட் வந்து வந்து போய், தொடர்பு மூன்றாம் தடவையும் அறுந்தது. பிறகு எல்லாம் எழும்பியும் வெளியிலிருந்து எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. தொடர்பு விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் அவருடைய ரவுட்டர் எங்களுக்கு 1000 புள்ளி அபராதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. 2000ஐத் தாண்டியதும் எங்களிடம் வரும் பாதையைப் பாவிக்காமல் ஒதுக்கிவைத்துவிட்டது. 15 நிமிடத்தில் அபராதம் பாதியாகும். 750க்குக் கீழே வந்தால்தான் திரும்பச் சேர்க்கும். அரை மணித்தியாலம் போலக் கைகட்டி நின்றோம்.

ஒஸ்லோவில் பேராசிரியராக இருந்த மார்க் பர்ஜஸ் முன்வைத்த வாக்குறுதிக் கோட்பாட்டை அதற்குப் பிறகுதான் வாசித்தேன். தன்னிச்சையாக இயங்கும் ஒன்று தன் நடத்தைக்கு மட்டுமே வாக்குக் கொடுக்க முடியும், அடுத்ததன் நடத்தைக்கு அல்ல என்கிறார். என் 180ம் அப்படித்தான். அந்த இன்ஜினியரின் ரவுட்டருடைய பொறுமைக்கு நான் எப்படி வாக்குக் கொடுப்பது?

பிறகு கதைத்து 90க்கு ஒத்துக்கொண்டோம். புதுக் கணக்குப் பிடிக்க ஒரு தடவை தொடர்பை நாங்களே அறுத்துத் தொடங்க வேண்டியிருந்தது. இரவு பதினொரு மணிக்குச் செய்தோம்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு பதில்:

அண்ணா, பல கணினிகள் ஒரு ஃபைலைத் துண்டு துண்டாகத் தங்களுக்குள் பகிரும் டொரண்டிலும் இதைப் பார்த்திருக்கிறேன். லினக்ஸ் இறக்கும்போது அப்லோடை நான் பூச்சியமாக்கினால் எனக்கு வருவதும் சுருங்கிவிடும். தனக்கு யார் நன்றாகத் தருகிறார்கள் என்று ஒவ்வொரு கணினியும் 10 செக்கனுக்கொரு தடவை பார்த்து, அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கும். ஆனால் 30 செக்கனுக்கொரு தடவை, ஒன்றும் தராத ஒருவருக்கும் கதவைத் திறந்து பார்க்கும். அப்படித் திறப்பதால்தான், கையில் ஒரு துண்டும் இல்லாமல் புதிதாக வருகிறவருக்கும் முதல் துண்டு கிடைக்கிறது. எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும்.