இயர் 5 பிள்ளைகளுக்கு பருவமடைதல் பாடம்: பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது?

இயர்5டீச்சர்:
வணக்கம். இங்கிலாந்தில் ஓர் அரசுப் பள்ளியில் வகுப்பாசிரியையாக இருக்கிறேன். இந்தத் தவணை பி.எஸ்.எச்.இ.யில் (தனிமனித, சமூக, சுகாதார, பொருளாதாரக் கல்விப் பாடம்) பருவமடைதல் பகுதியை நான்தான் எடுக்க வேண்டும். நட்பு, கோபம் வந்தால் என்ன செய்வது, தூக்கம், பல் துலக்குவது, இணையத்தில் முன்பின் தெரியாதவர் பேசினால் யாரிடம் சொல்வது என்றெல்லாம் நடத்தியபோது ஒரு பெற்றோரும் வாயைத் திறக்கவில்லை. இந்தப் பகுதி வருகிறது என்று வீட்டுக்குக் கடிதம் போனதும் வாசலில் தமிழ் அம்மாக்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "நீங்களும் எங்கட ஆள்தானே டீச்சர், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா?" என்கிறார்கள். ஓர் அப்பா, மகளை அந்தப் பாடங்கள் எல்லாவற்றிலிருந்தும் விலக்கச் சொல்லி மின்னஞ்சல் போட்டிருக்கிறார்.

அவருக்கு அந்த உரிமை இருக்கிறதா? வகுப்பில் பிள்ளைகள் எக்குத்தப்பாக ஏதாவது கேட்டால் எப்படிச் சமாளிப்பது? ஆண், பெண் பிள்ளைகளைச் சேர்த்து வைத்து நடத்துவதா, பிரித்தா? உண்மையைச் சொன்னால் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, எங்கள் வீட்டில் இதைப் பற்றி யாரும் வாய் திறந்து பேசியதில்லை.

பாடப்பொறுப்பாளர்:
முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பெற்றோர் மட்டுமல்ல, பல ஆசிரியர்களும் மூன்று வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். உறவுகள் பற்றிய கல்வி 2020 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் கட்டாயம். சுகாதாரக் கல்வி அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் கட்டாயம், பருவமடைதலும் மாதவிடாயும் அதற்குள்தான் வருகின்றன. இந்த இரண்டிலிருந்தும் பிள்ளையை விலக்க பெற்றோருக்கு உரிமை இல்லை. அறிவியல் பாடத்தில் வருவதற்கும் அப்படித்தான்.

பாலியல் கல்வி மட்டும் வேறு. தொடக்கப் பள்ளியில் அது கட்டாயம் இல்லை, நடத்துவதா வேண்டாமா என்பது பள்ளியின் முடிவு. நடத்துகிற பள்ளிகளில் பெரும்பாலும் இயர் 5 அல்லது 6-இல், குழந்தை எப்படி உருவாகிறது என்ற அளவில் இருக்கும். அந்தப் பகுதியிலிருந்து விலக்கும்படி பெற்றோர் கேட்டால் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆகவே உங்கள் பாடத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பள்ளியின் எழுத்துபூர்வமான கொள்கையைப் பாருங்கள், பள்ளி இணையதளத்திலேயே இருக்க வேண்டும். (வேல்ஸில் இருக்கிற சொந்தக்காரர் வேறு மாதிரி சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள், அங்கே 2022-இலிருந்து தனி விதி, விலக்குகிற உரிமையே இல்லை.)

சரி, இதையெல்லாம் அப்படியே அந்த அப்பாவுக்கு எழுதி அனுப்பிவிடாதீர்கள். "உங்களுக்கு உரிமை இல்லை" என்று தொடங்கும் கடிதத்துக்கு யாரும் நல்ல பதில் எழுத மாட்டார்கள். நேரில் கூப்பிட்டு, நீங்கள் காட்டப்போகும் ஸ்லைடுகளையே அவர் முன்னால் வையுங்கள். பாதிப் பெற்றோர் மனதில் வைத்திருப்பது வாட்ஸ்அப்பில் சுற்றும் ஏதோ ஒரு படம், உங்கள் பாடம் இல்லை. பள்ளி என்ன காட்டுகிறது என்று பார்க்கக் கேட்பது அவர்களுக்கு நியாயமான உரிமை. 2025 ஜூலையில் வந்த புதிய வழிகாட்டுதல் 2026 செப்டம்பரில் நடைமுறைக்கு வருகிறது, அதுவும் பாடப்பொருளைப் பெற்றோரிடம் மறைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறது.

இரண்டு_பெண்பிள்ளைகளின்_அம்மா:
பெற்றோர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். பாடம் நடக்கிறது என்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை, எந்த நாளில் நடக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். "கோடைத் தவணையில்" என்று பொதுவாக எழுதினால் என்ன செய்வது? தேதி தெரிந்தால் அதற்கு முந்தின வாரம் நானே மகளோடு கதைத்துவிடுவேன், அப்போது அவள் முதன்முதலாக அதைக் கேட்பது என்னிடமிருந்துதான் இருக்கும். நிறைய அம்மாக்களின் கோபம் அங்கேதான் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லத் தெரியாமல் "இது தேவையா" என்று கேட்கிறார்கள்.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம். பாடத்தில் மாதவிடாய் என்றால் என்ன என்று படம் போட்டு விளக்குகிறீர்கள், ஆனால் பள்ளியில் பேட் எங்கே இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும், வகுப்பு நடுவில் எழுந்து போகலாமா என்று பிள்ளைக்குத் தெரியாது. அரசுப் பள்ளிகளுக்கு 2020 ஜனவரியிலிருந்து இவை இலவசமாகவே கிடைக்கின்றன, தொடக்கப் பள்ளிகளுக்கும் சேர்த்து. அந்த அலமாரியைக் காட்டிவிடுங்கள். ஆபீஸில் இருக்கும் ஆளிடம் போய்க் கேள் என்றால் பத்து வயதுப் பிள்ளை கேட்காது, வீட்டுக்கு வரும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பழைய_வாத்தியார்:
எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், அதனால் நான் மறுபக்கம் பேசுகிறேன். பெற்றோர் பயப்படுவதை அறியாமை என்று ஒதுக்க வேண்டாம். கூச்சமும் ஒரு பாதுகாப்புதான். இன்று பத்து வயது என்பீர்கள், நாளை எட்டு என்பீர்கள். வெளியார் தயாரித்து விற்கும் ஸ்லைடுகளை முழுதாகப் படித்துப் பார்க்காமல் அப்படியே ஓட்டுகிற ஆசிரியர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பள்ளித்_தாதி:
ஐயா, ஸ்லைடுகள் பற்றிச் சொன்னது சரி, ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் வகுப்புக்குள் போக வேண்டும். ஆனால் வயதை நாம் தீர்மானிப்பதில்லை, உடம்பு தீர்மானிக்கிறது. பெண் பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் 8 வயதிலிருந்து 13-க்குள், ஆண் பிள்ளைகளுக்கு 9-லிருந்து 14-க்குள் தொடங்குவது இயல்பு. இயர் 5-இல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு 9, 10 வயது. சிலருக்கு ஏற்கெனவே தொடங்கியிருக்கும், தனக்கு ஏதோ நோய் என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருக்கும் பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். கூச்சம் இருக்கட்டும், நான் அதைக் குறை சொல்லவில்லை. தொடுவது சரியில்லை என்று தோன்றினால் சொல்வதற்கு அந்தப் பிள்ளையிடம் சொல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குழந்தைகள் பாதுகாப்புக்கான என்.எஸ்.பி.சி.சி. தொண்டு அமைப்பின் 'பேன்ட்ஸ்' விதியை ஒரு டைனோசர் பொம்மையை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுக்கிறார்கள்: உள்ளாடை மறைக்கும் இடம் உனக்கு மட்டுமானது, உன் உடம்பு உன்னுடையது, வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மனதை வருத்தும் ரகசியத்தை வைத்துக்கொள்ளாதே, யாரிடமாவது சொல். இதில் எந்த வீட்டுக் கூச்சமும் கெட்டுப்போகாது.

டீச்சர், உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். வகுப்பில் ஒரு பெட்டி வையுங்கள். எல்லோருக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, கேள்வி இல்லாதவர்கள் "கேள்வி இல்லை" என்று எழுதிப் போடச் சொல்லுங்கள், அப்போதுதான் யார் எழுதினார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. சீட்டுகளை அன்றே பிரிக்காதீர்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு அடுத்த பாடத்தில் பதில் சொல்லுங்கள். யாராவது கையைத் தூக்கி வயதுக்கு மீறி ஒன்றைக் கேட்டுவிட்டால் "நல்ல கேள்வி, இது வீட்டில் பெரியவர்களிடம் கேட்க வேண்டியது" என்று முகத்தை மாற்றாமல் சொல்லிவிட்டு நகருங்கள். சொந்தக் கதை வேண்டாம், உங்களுடையதும் வேண்டாம், பிள்ளைகளுடையதும் வேண்டாம். "ஒரு பிள்ளைக்கு இப்படி நடந்தது, அவள் என்ன செய்யலாம்?" என்று மூன்றாம் ஆளை வைத்துப் பேசினால் வகுப்பே தளர்ந்துவிடும்.

ஆண், பெண் சேர்த்துதான் நடத்துங்கள். பக்கத்தில் இருப்பவளுக்கு என்ன நடக்கிறது என்று பையனுக்குத் தெரிந்தால் கேலி குறையும். கேள்வி நேரத்தை மட்டும் கொஞ்சம் பிரித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். இந்தப் பாடம் முடிந்த கையோடு சில நேரம் ஒரு பிள்ளை உங்கள் மேசைப் பக்கம் வந்து நிற்கும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குறுக்கு விசாரணை செய்யாதீர்கள், "மாமாதானே செய்தார்?" என்று நீங்களாக எடுத்துக்கொடுக்கவே கூடாது. கேட்டுக்கொள்ளுங்கள், பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள், தாமதிக்காமல் பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசியான சைல்ட்லைன் எண் 0800 1111 வகுப்புச் சுவரில் இருக்கட்டும், பிள்ளைகள் அழைத்தால் கட்டணம் இல்லை.

இயர்5டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. கொள்கையைப் பார்த்தேன், கருத்தரித்தல் எங்கள் பள்ளியில் இயர் 6-இல்தான், ஆகவே அந்த அப்பாவுக்கு விலக்கக் கேட்க உரிமையுள்ள பகுதி என் பாடத்திலேயே இல்லை. ஸ்லைடுகளைப் பார்க்க வாருங்கள் என்று எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. எல்லாப் பெற்றோருக்கும் தேதியையும் அனுப்பிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: பெட்டியில் வகுப்பில் இருக்கும் இன்னொரு பிள்ளையின் பெயரைப் போட்டு ஏதாவது எழுதியிருந்தால்?

பள்ளித்_தாதி:
பெயரை வாசிக்காதீர்கள். கேலி என்றால் அந்தச் சீட்டை ஒதுக்கிவிட்டு, கேலி பற்றி அடுத்த பாடத்தில் பொதுவாகப் பேசுங்கள். கவலைப்பட வேண்டிய விஷயம் போலத் தோன்றினால் கிழித்துப் போடாமல் அந்தச் சீட்டையே பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள், கையெழுத்து உட்பட.