ஸ்க்ரூஜ் வானொலி நாடகங்கள்: வெட்டப்படாத ஒலிப்பதிவு தேவை

அமெரிக்க வானொலியின் பொற்காலக் கிறிஸ்துமஸ் நாடகங்களைச் சேகரித்து வரும் எனக்கு உறுப்பினர்களின் உதவி தேவைப்படுகிறது. சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கதையின் வானொலி வடிவில் கஞ்சன் ஸ்க்ரூஜாக வழக்கமாக நடித்து வந்த லயனல் பாரிமோர் 1938இல் நடிக்க இயலாமற்போனதால், கேம்ப்பெல் சூப் நிறுவனம் ஆதரவளித்த ‘கேம்ப்பெல் ப்ளேஹவுஸ்’ வானொலி நிகழ்ச்சியில் அவ்வேடத்தை அதை நடத்திவந்த ஆர்சன் வெல்ஸே ஏற்றார். 1939 டிசம்பர் 24 அன்று பாரிமோர் அந்நிகழ்ச்சியில் ஸ்க்ரூஜாக நடிக்க, வெல்ஸ் கதைசொல்லியானார். பாரிமோரின் கரகரத்த குரலே பொருத்தமானது என்பது என் கருத்து. ஆயினும் 23 வயதில் வெல்ஸ் கிழவராகப் பேசிய விதத்தை அதனுடன் ஒப்பிட்டுக் கேட்க விரும்புகிறேன். என்னிடமுள்ள பிரதிகளில் சூப் விளம்பரங்களும் தொடக்க அறிவிப்புகளும் வெட்டப்பட்டுள்ளன. அவை நீக்கப்படாத, இரைச்சல் குறைந்த பதிவுகள் எவரிடமேனும் இருந்தால், அல்லது கிடைக்குமிடம் தெரிந்தால், அன்புகூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன். 1937இல் வெளிவந்த ‘சின்னமன் பேர்’ (Cinnamon Bear) என்ற கிறிஸ்துமஸ் சிறுவர் வானொலித் தொடரின் 26 பகுதிகளும் ஒரே தரத்தில் கிடைக்குமாயின் மிக்க மகிழ்ச்சி.