புளியங்கொட்டைச் சதுரம்

காரிமங்கலம் பக்கம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்கள் எழுதிக்கொள்ளும் இந்த இடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் என் பங்குக்கு ஒன்று. இதில் என் தப்பும் இருக்கிறது, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் எந்தத் தெருவுக்குப் போனாலும் திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருப்பார்கள். ஓட்டை உடைத்து, நார் எடுத்து, கொட்டையைத் தனியாகக் குவிப்பார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லையே என்று தேடிப்போனால், பாட்டியோடு உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை.

அவளுக்குப் பக்கத்தில் தரையில் கொட்டைகள் அடுக்கியிருந்தன. மூலையில் ஒன்று. அதை ஒட்டி 'ட' எழுத்துப் போல மூன்று. அதற்கு வெளியே பெரிய 'ட'வாக ஐந்து. அப்புறம் ஏழு.

"இது என்ன பாப்பா?"

"சும்மா சார். ஒவ்வொரு தடவையும் ரெண்டு கூட வைக்கணும். இல்லேன்னா சதுரம் நிக்காது."

"பத்து வரிசை வெச்சா மொத்தம் எத்தனை?"

"நூறு." கை புளியை விட்டு நகரவே இல்லை.

சரி, யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அவள் கொட்டைகளைக் கலைத்துவிட்டு முக்கோணமாக அடுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசை இறங்கியது. பக்கத்தில் அதைவிட ஒரு வரிசை குறைவாக இன்னொரு முக்கோணம். "இது ரெண்டையும் ஒட்டுனா சதுரம் ஆயிடுது சார். ஆனா ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னதா இருக்கணும். ரெண்டும் ஒரே அளவுல இருந்தா ஆவறதில்ல. ஏன் சார்?"

அந்த வருஷம் காலாண்டில் அவளுக்கு நான் போட்ட மார்க் 43. விடையை மட்டும் எழுதுவாள். 'வழிமுறை எங்கே?' என்று சிவப்பு மையில் எழுதி மார்க்கைக் குறைத்தவன் நானேதான்.

அதோடு விட்டேனா? ஊரே பார்க்கட்டும் என்று ஒரு வினாடி வினாவுக்குக் கூட்டிப்போனேன். எந்த நாட்டுக்கு எது தலைநகரம், எந்த வருஷம் எது நடந்தது என்று கேட்டார்கள். மைக்கைப் பிடித்தபடி நின்றாள், ஒரு சொல் வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம், நான் எதிரே வந்தால் வேறு பக்கம் போவாள்.

என்னைத் திருத்தியது எங்கள் பகுதி நேர நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா. நான் அந்தப் பெண்ணுக்காகக் கணக்குப் புத்தகங்களாகவே எடுத்துக்கொண்டு போவதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "சார், நூலகவியல் அறிஞர், சீர்காழிக்காரர் அரங்கநாதன் 1931-லயே நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதி வெச்சிருக்கார். ரெண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். மூணாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர். நீங்க ரெண்டாவதை விட்டுட்டு மூணாவதையே பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க. உங்க கையில ஒரு புத்தகம் இருக்கு, அதுக்கு ஒரு புள்ளையத் தேடறீங்க."

அப்புறம் அவரே அவளுக்குத் தெனாலிராமன் கதை கொடுத்தார், பேய்க் கதை கொடுத்தார், விடுகதை கொடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் அவளாகவே என்னிடம் வந்தாள். "சார், இந்தக் கதையில ராஜா செவ்வாய்க்கிழமை கிளம்பி ஒன்பது நாள் கழிச்சு வெள்ளிக்கிழமை வர்றாரு. வியாழந்தானே வரணும்?" புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். தப்புத்தான். அச்சுப்பிழையைக் கண்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

பாலக்கோடு, ஓர் அம்மா

வணக்கம் சார். என் மகன் நாலாவதில் இருந்தபோது போண்டா மடித்த காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் போடுவான். பாதியில் கிழிந்திருந்தால் மீதி எங்கே என்று அழுகை. எங்கள் வீட்டுக்காரர் தக்காளி மண்டியில் கணக்கெழுதுகிறார். "படிக்கிற நேரத்துக்கு ரெண்டு கிரேட்டைத் தூக்கி வைடா" என்பார்.

பள்ளியில் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் வந்தன. நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி. வகுப்பைப் பார்ப்பதில்லை, எவ்வளவு வாசிக்க வருகிறதோ அந்தப் படி. இவன் நேராகப் 'பற'வுக்குப் போய்விட்டான். பக்கத்தில் எட்டாவது படிக்கிற பையன் ஒருவன் 'நட'வில். அந்தப் பையன் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பெரிய பையனைக் கதை சொல்ல வைத்தார், இவனை எழுத வைத்தார். அவனுக்கு அவ்வளவு கதை தெரியும், அவன் தாத்தா தெருக்கூத்து ஆடுகிறவர். இவன் எழுதி முடியாமல் கை வலிக்கிறது என்று வந்தான். அதற்கப்புறம் வீட்டில் கொஞ்சம் தலைக்கனம் குறைந்தது.

தளி பக்கம், இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலராக இருந்தவள்

எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி மற்ற இடத்துக்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இங்கே வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், பள்ளியில் தமிழ். ஒன்றரை வருஷம் வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவன் இருந்தான். மந்தம் என்று எழுதி வைத்துவிட்டார்கள். என்னிடமும் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு நாள் ஏரிக்கரையில் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தேன். கொக்கு ஒன்று இறங்கியது. "கொக்கு" என்றேன். அவன் மெதுவாக, "மா இண்ட்லோ கொங்க" என்றான். எங்கள் வீட்டில் கொங்க. கொஞ்ச நேரம் கழித்து, "கடைக்கார அண்ணன் கொக்கரே சொல்றாரு. மூணும் ஏன் மிஸ் 'கொ'?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, மூன்று கோடு போட்டு, தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எழுதிக்கொண்டே வா என்றேன். எழுத்து எல்லாமே தமிழ் எழுத்துத்தான். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பால், பாலு, ஹாலு. பாம்பு, பாமு, ஹாவு. புலி, புலி, ஹுலி. பூ, பூவு, ஹூவு. பதினைந்து இருபது வரி போனதும் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: 'ப வந்தா கன்னடத்துல ஹ'. அதற்குக் கீழே அவனே சோதனை வைத்திருக்கிறான். பணம் என்று எழுதி, கடையில் கேட்காமலே 'ஹண' என்று போட்டுவிட்டு, அப்புறம் போய்க் கேட்டு ஒரு டிக் அடித்திருக்கிறான்.

இதைச் செய்தவன் ஐந்தாவது படிக்கிற பையன். மந்தம்!

அடுத்த வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். "மிஸ், பாடம் மட்டும் கன்னடத்துலயும் பாடதான். ஏன் ஹாட ஆகல?"

எனக்குப் பி.ஏ.வில் தமிழ் எடுத்த ஐயாவுக்குப் போன் போட்டேன். முதலில் சிரித்தார், அப்புறம் சிரிக்கவில்லை. பழைய கன்னடத்தில் இந்தச் சொற்களெல்லாம் 'ப'விலேயே இருந்தன, பிற்பாடுதான் ஹகரமாக மாறின, பாடம் வடமொழியிலிருந்து வந்த சொல்லானதால் அந்த மாற்றத்தில் சிக்கவில்லை என்றார். "1856-ல் கால்டுவெல் திராவிட மொழிகளை ஒப்பிட்டு இலக்கணம் எழுதினாரே, உன் பையன் அந்த வாசலில் வந்து நிற்கிறான்" என்றார். பையனிடம் போனைக் கொடுத்தேன். இருவரும் இருபது நிமிஷம் பேசினார்கள், பாதி தெலுங்கில். ஐயாவுக்குத் தெலுங்கு வரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இப்போதும் மாதம் ஒரு தரம் பேசுகிறார்கள். ஐயா தபாலில் அனுப்பிய பழைய அகராதி அவன் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவன் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமை அதற்கும் சேர்த்துப் பொட்டு வைக்கிறார்.

கிருஷ்ணகிரி, இப்போது பெங்களூரில் வேலை

எல்லாரும் பெரியவர்கள் பக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள். நான் அந்தப் பிள்ளையாக இருந்தவன், கொஞ்சம் காரமாகச் சொல்கிறேன், கோவிக்காதீர்கள்.

பத்து வயதில் 1330 குறளையும் ஒப்பிப்பேன். எண் சொன்னால் குறள், குறள் சொன்னால் எண். கல்யாணம், காதுகுத்து, ஆண்டுவிழா, எங்கேயும் என்னை நாற்காலிமேல் ஏற்றிவிடுவார்கள். கைதட்டுவார்கள், ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுப்பார்கள். வீட்டில் அப்படி முப்பது டம்ளர் சேர்ந்தது. ஒரு குறளுக்காவது நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. பதினோராம் வகுப்பில் இயற்பியலில் தடுமாறியபோது அதே ஆட்கள், "சின்ன வயசுல என்னமா இருந்தான்" என்று உச்சுக் கொட்டினார்கள்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் இருந்தார். மாங்காய் சீசனில் கூழ் ஃபேக்டரி லாரிகள் போகிற ரோடு, அந்தச் சத்தத்திலேயே திண்ணையில் உட்கார்ந்து படிப்பார். ஒரு தடவைக்கு ஒரே புத்தகம்தான் தருவார். படித்தாயா என்று கேட்கமாட்டார். "எந்த இடத்துல உனக்குக் கோவம் வந்துச்சு?" என்பார். எங்கும் வரவில்லை என்றால், "அப்ப இன்னொரு தரம் படிச்சுட்டு வா" என்று கையில் திணித்துவிடுவார். ஒருநாள் அவருடைய அபிமானப் புத்தகத்தையே நான் கிழிகிழி என்று கிழித்தேன், அதாவது வாயால். உள்ளே திரும்பி, "இவனுக்கும் சேத்து ஒரு டீ போடு" என்றார்.

நான் பெரிய ஆளாக ஒன்றும் ஆகிவிடவில்லை. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்க்கிறேன். தப்பைத் தப்பு என்று மேலதிகாரியிடம் சொல்ல எனக்கு வாய் வருகிறதென்றால் அது அந்தத் திண்ணையில் வந்தது. முப்பது டம்ளரையும் அம்மா எப்போதோ போட்டுவிட்டுப் பித்தளை அண்டா வாங்கிவிட்டார்.

அரூர்

காரிமங்கலம் ஐயா, அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள் என்று சொல்லவே இல்லையே? என் அக்கா மகளும் அதே மாதிரி. இந்த வருஷம் எட்டாவது. வீட்டில் இப்போதே மாப்பிள்ளைப் பேச்சு எடுக்கிறார்கள்.

காரிமங்கலம் பக்கம்

அரூர்க்காரரே, எட்டாவது என்றால் முதலில் என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தாளா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது, வீட்டு வருமானம் வருஷத்துக்கு 3.5 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடங்களுக்கு 90. தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய் கணக்கில், வருஷத்துக்கு 12,000. பெரிய பணமா என்று கேட்காதீர்கள். எங்கள் பெண் வீட்டிலும் மாமன் மகன் பேச்சு நடந்துகொண்டுதான் இருந்தது. பணம் அவள் பெயரிலேயே வர ஆரம்பித்ததும் பாட்டி கட்சி மாறிவிட்டார். "சர்க்காரு சம்பளம் குடுத்துப் படிக்க வெக்குது, நடுவுல நிறுத்தச் சொல்றியா?" என்று மகனிடம் போனில் சண்டை போட்டதை நானே கேட்டேன். அது சம்பளம் இல்லை என்று நான் திருத்தவில்லை.

ஒன்பதாவதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வும் உண்டு, அதையும் விடாதீர்கள். பக்கத்து நூலகத்தில் அவள் பெயரில் ஓர் அட்டை போட்டுக்கொடுங்கள். வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அன்றைக்குப் போய்விட்டுத் திரும்பி வராதீர்கள். வினாடி வினாவுக்கு மட்டும் என்னைப் போல இழுத்துக்கொண்டு போகவேண்டாம். அவளாகக் கேட்டால் அது வேறு.

எங்கள் பெண் இப்போது பதினொன்றாவது. போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். பாட்டியின் முறத்தில் புளியங்கொட்டை. கூடவே, '1, 8, 27, 64 இதை வரிசையாக் கூட்டிட்டே வந்தா 1, 9, 36, 100 வருது சார். எல்லாமே சதுரம். அதுவும் அந்த முக்கோணக் கொட்டை 1, 3, 6, 10 இருக்கே, அதோட சதுரம்.' சூத்திரம் எனக்குத் தெரியும், முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன். ஆனால் ஏன் அப்படி வருகிறது என்று கொட்டையை வைத்துக் காட்டு என்றால் எனக்கு வராது. அதையே பதிலாகப் போட்டேன்.

'எனக்கு வந்துடுச்சு சார். ஞாயித்துக்கிழமை வந்து காட்றேன். கொட்டை 225 வேணும், எடுத்து வைங்க.'

நேற்று ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன். 211 தான் இருக்கிறது.